இருண்டதெல்லாம்

ஒரு தேனீயைப் பிடித்து ஒரு நிமிடம் உலுக்கிவிட்டால், அதன் பிறகு அதற்கு உலகம் எப்படித் தெரியும்?

விளையாட்டுக் கேள்விபோலத் தோன்றும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மெலிசா பேட்சன், ஜெரால்டின் ரைட் குழுவினர் இதைச் செய்தே பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தேனீக்களைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி அசையாமல் இருத்தினார்கள். இரண்டு வாசனைப் பொருள்களை எடுத்து, ஒன்று மிகுந்தும் மற்றது குறைந்தும் ஒரு கலவை செய்தார்கள்; அதையே தலைகீழாக்கி இன்னொரு கலவை. முதல் கலவையின் மணம் வந்தால் பின்னாலேயே சர்க்கரைப் பாகு. இரண்டாவதன் மணம் வந்தால் கொய்னாக் கசப்பு. சில முறை பட்டதும் தேனீ பாடம் படித்துக்கொண்டது. முதல் மணத்துக்கு உறிஞ்சுகுழலை நீட்டும். இரண்டாவதற்கு உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

பிறகு ஒரு பகுதித் தேனீக்களை மட்டும் குலுக்கும் கருவியில் வைத்து 60 விநாடி உலுக்கினார்கள். தேன் தின்ன வரும் விலங்கு கூட்டை உடைத்தால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படி. அடுத்து எல்லாத் தேனீக்களுக்கும் ஐந்து மணங்கள் காட்டப்பட்டன. இரண்டு பழகியவை. மூன்று இடைப்பட்டவை: இனிப்பு வருமா, கசப்பு வருமா என்று சொல்ல முடியாத கலவைகள். கசப்பின் பக்கம் சாய்ந்த மணம் வந்தபோது உலுக்கப்பட்ட தேனீக்கள் மற்றவற்றைவிடக் குறைவாகவே குழலை நீட்டின. சந்தேகம் வந்தால் கசப்பென்றே வைத்துக்கொண்டன. அவற்றின் உடல் திரவத்தில் டோபமின், செரட்டோனின் முதலிய வேதிப்பொருள்களின் அளவும் இறங்கியிருந்தது.

இதே செய்தியை நம்மவர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே சொல்லி வைத்திருக்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பயந்தாங்கொள்ளியைக் கேலி செய்ய இதைச் சொல்லிச் சொல்லி, அதற்குள் இருக்கும் நுட்பத்தை மறந்துவிட்டோம். பழமொழி இரண்டு நிபந்தனைகள் போடுகிறது. ஆள் அரண்டிருக்க வேண்டும். இடம் இருண்டிருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் அரண்டவனுக்கும் புளியமரம் புளியமரம்தான். அரளாதவனுக்கோ இருட்டிலும் அது புளியமரம். இரண்டும் ஒன்றுசேரும்போதுதான் கிளைக்குக் கை முளைக்கிறது.

முடிவெடுப்பதைப் பற்றிய கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சியின் ஒரு பெரும்பகுதி இந்த இரண்டு நிபந்தனைகளையும் பிரித்து அளந்து பார்த்த முயற்சிதான். அதோடு பழமொழி கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அது பேய்தான் என்று அவனுக்கு எத்தனை நிச்சயம்?

எதிர்பாராத ஒரு சொட்டு

அரட்சிக்கு எதிர்ப்பதம் எது? லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் கிளின்ட் பெரி, லார்ஸ் சிட்கா ஆகியோர் உள்ளிட்ட குழு 2016-இல் அதைத் தேடியது. இந்த முறை கொழுத்து உருண்ட பம்பிள் தேனீக்கள். ஒரு பக்கத்தில் ஒரு நிறப் பலகையின் கீழே இருக்கும் உருளையில் சர்க்கரை நீர் உண்டு. எதிர்ப்பக்கத்தில் வேறு நிறப் பலகையின் கீழே வெறும் தண்ணீர்தான் என்று அவற்றுக்குப் பழக்கினார்கள். பிறகு நடுவில், இரு நிறங்களுக்கும் இடைப்பட்ட நிறத்தில் ஒரு பலகையை வைத்தார்கள். அங்கே என்ன இருக்கும் என்று தேனீக்குத் தெரியாது.

உள்ளே விடுவதற்குச் சற்று முன், சில தேனீக்களுக்கு மட்டும் வழியிலேயே ஒரு சிறு சொட்டு அடர்ந்த சர்க்கரைக் கரைசல் கிடைத்தது. எதிர்பாராத சொட்டு. அதைக் குடித்தவை நடுப் பலகையை நோக்கி மற்றவற்றைவிடச் சீக்கிரம் சென்றன. ‘சர்க்கரை தந்த தெம்புதான்’ என்று ஒதுக்க முடியவில்லை; பழகிய உருளைகளை நோக்கிச் செல்வதில் அந்த வேகம் தெரியவில்லை. தெரியாத இடத்தில்தான் சொட்டின் வேலை தெரிந்தது. டோபமினைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே பூசியபோது அதுவும் மறைந்தது.

தேனீக்கு மகிழ்ச்சி தெரியுமா என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ‘உணர்ச்சி போன்ற நிலை’ என்று எச்சரிக்கையாகவே எழுதினார்கள். நமக்கு வேண்டியது வேறொன்று. பத்து லட்சம் நரம்பணுக்கள் அளவே உள்ள ஒரு மூளையிலும் சற்றுமுன் நடந்தது அடுத்து நடக்கப்போவதன் கணக்கில் புகுந்துவிடுகிறது. சான்று தெளிவாக இருக்கும்போது அது வாயைத் திறப்பதில்லை. சான்று தடுமாறும்போது தராசில் கையை வைக்கிறது.

நள்ளிரவு 2 மணிக்குப் பழக்கமில்லாத எண்ணிலிருந்து போன் அடிக்கிறது. வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும் வாரமென்றால் எடுப்பதற்குள் கை நடுங்கும். வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருக்கும் வாரமென்றால் அதே மணியோசைக்கு எழுந்து ஓடுவோம். எண்ணும் ஒன்று, ஓசையும் ஒன்று. வாரம்தான் வேறு.

மனநிலை என்பது ஒரு சுருக்கம்

இப்படி ஒரு கோளாறை இயற்கை ஏன் விட்டு வைத்தது என்று கேட்கத் தோன்றும். கோளாறுதானா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு மாந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு மரங்கள். ஒவ்வொரு மரமும் எவ்வளவு காய்க்கும் என்று உங்களுக்குப் போன ஆண்டுகளின் அனுபவத்திலிருந்து ஒரு கணிப்பு இருக்கிறது. இந்த ஆண்டு முதல் மரம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் காய்த்திருக்கிறது. இரண்டாவதும் அப்படியே. நான்காவது மரத்துக்கு வரும்போது மீதி 97 மரங்களையும் ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும்வரை பழைய கணிப்பையே பிடித்துக்கொண்டிருப்பீர்களா? ‘இந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருக்கிறது’ என்று ஒரே மூச்சில் எல்லா மரங்களின் கணிப்பையும் உயர்த்திவிடுவீர்கள். தனித்தனி மரங்களைப் பற்றிய பாடம் தோப்பு முழுவதையும் பற்றிய ஒரே பாடமாகிவிடுகிறது.

எரான் எல்டார், ராப் ரட்லெட்ஜ், ரே டோலன், யேல் நிவ் ஆகியோர் 2016-இல் முன்வைத்த கருத்து இதுதான்: மனநிலை என்பது மூளை வைத்திருக்கும் அந்த ஒற்றைக் குறிப்பு. அண்மையில் நடந்தவை எதிர்பார்த்ததற்கு மேலே போகின்றனவா, கீழே போகின்றனவா? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? ஒவ்வொரு விவரத்தையும் சுமந்துகொண்டு திரிய முடியாத உயிர், அவற்றின் சாரத்தை ஒரு நிறமாகத் தேக்கி வைத்துக்கொள்கிறது.

இதில் ‘எதிர்பார்த்ததற்கு’ என்ற சொல்தான் அச்சாணி. ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் அணுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை சடசடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பின் சாறுக்குத் துடிப்பதை விட்டு விளக்குக்குத் துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராத வேளையில் வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. 1997-இல் பீட்டர் டயான், ரீட் மான்டாகு ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இதைக் கணக்காக மாற்றியது: அந்த அணுக்கள் சொல்வது கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம்.

மனிதர்களிடம் ரட்லெட்ஜ் அதே வித்தியாசத்தை 2014-இல் தேடினார். முதலில் லண்டன் ஆய்வுக்கூடத்தில் 26 பேர். பிறகு ஒரு மொபைல் செயலி வழியாக 18,420 பேர். உறுதியான சிறு தொகையா, கூடலாம் குறையலாம் என்ற பந்தயமா என்று அவர்கள் மாறிமாறித் தேர்ந்தெடுக்க வேண்டும். இடையிடையே ‘இந்தக் கணம் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?’ என்று கேள்வி வரும். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கொண்டு பதிலைக் கணிக்க முடியவில்லை. கடைசிச் சில சுற்றுகளில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்பதைக் கொண்டு கணிக்க முடிந்தது. பழைய சுற்றுகளின் பங்கு வேகமாகத் தேய்ந்தது. வசதியான வீட்டில் முகம் சுளித்தவரையும் நெருக்கடியான வீட்டில் சிரித்தவரையும் பார்த்துக் குழம்பியவர்களுக்கு இது ஒரு பதில்.

ஒரு தோப்பின் காற்று இன்னொரு தோப்பில்

ஆக மனநிலை நல்ல வேலையாள்தான். சிக்கல் ஒன்றே: அதற்கு முகவரி படிக்கத் தெரியாது. மாந்தோப்பில் கிடைத்த உற்சாகத்தை அது தென்னந்தோப்புக்கும் கொண்டுபோகும்; அங்கிருந்து கடைத்தெருவுக்கும் கொண்டுபோகும்.

2015-இல் பிரின்ஸ்டனில் எல்டாரும் நிவும் இந்தக் கசிவைப் பிடித்துக் காட்டினார்கள். பங்கேற்றவர்கள் முதலில் சில சூதாட்ட இயந்திரங்களை இழுத்துப் பார்த்தார்கள். நடுவே ஒரு ராட்டினம் சுழன்றது: 7 டாலர் ஆதாயம், அல்லது 7 டாலர் நட்டம். இயந்திரங்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பிறகு புதிதாக வேறு சில இயந்திரங்கள். முன்னவையும் பின்னவையும் உண்மையில் ஒரே தரம். இருந்தும் தங்கள் மனநிலை அடிக்கடி ஏறி இறங்கும் என்று சொன்னவர்கள், ராட்டினத்தில் வென்ற பிறகு பார்த்த இயந்திரங்களை உயர்வாக மதித்தார்கள். தோற்ற பிறகு பார்த்தவற்றைத் தாழ்வாக மதித்தார்கள். இது ஒரு சுழல். மகிழ்ச்சி கிடைத்ததைப் பெரிதாகக் காட்டும். பெரிதாகத் தெரிந்தது மகிழ்ச்சியைக் கூட்டும். அதனால் எதிர்பார்ப்பும் ஏறும். ஏறிய எதிர்பார்ப்பை உலகம் ஒருநாள் நிறைவேற்றாது. அன்றைக்குச் சுழல் எதிர்த்திசையில் திரும்பும்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் தடயம் உண்டு. ராஸ் ஆட்டோ, ஸ்டீஃபன் ஃபிளெமிங், பால் கிளிம்ச்சர் மூவரும் நியூயார்க் நகரத்து லாட்டரி விற்பனையை நாள்வாரியாக எடுத்துப் பார்த்தார்கள். உள்ளூர் அணி எதிர்பாராமல் வென்ற மறுநாளும், வழக்கத்துக்கு மேல் வெயில் அடித்த நாளிலும் விற்பனை சற்றே கூடியது. வெல்லுமென்று எல்லோரும் நினைத்த அணி வென்றால் அந்த விளைவு இல்லை. டோபமின் அணுக்கள் கற்பித்த அதே இலக்கணம்: எதிர்பாராததற்குத்தான் மதிப்பு. அணி வென்றதால் லாட்டரிச் சீட்டின் வாய்ப்பு ஒரு மயிரிழைகூட மாறவில்லை என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாததல்ல.

தோல்வியின் பக்கம் இன்னும் கூர்மையானது. அலெக்ஸ் எட்மன்ஸ், டியேகோ கார்சியா, ஆய்விண்ட் நோர்லி 2007-இல் 39 நாடுகளின் பங்குச் சந்தைகளை ஆராய்ந்தார்கள். உலகக் கோப்பைக் கால்பந்தின் வெளியேற்றச் சுற்றில் ஒரு நாடு தோற்றால், மறுநாள் அந்நாட்டுப் பங்குச் சந்தை வழக்கத்தைவிடச் சராசரியாக 0.49% இறங்கியது. கிரிக்கெட், ரக்பி போன்றவற்றில் கண்ட தோல்விக்கும் சிறிதளவு இறக்கம் இருந்தது. வென்றால் ஏற்றம்? இல்லை. சந்தைக்கு அழத் தெரிந்த அளவுக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற சோதனை 1983-இல் நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் குளோர் செய்தது. வெயில் நாளிலும் மழை நாளிலும் போன் செய்து ‘உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது?’ என்று கேட்டார்கள். மழை நாளில் பதில் வாடியிருந்தது. ஆனால் பேச்சின் தொடக்கத்தில் ‘அங்கே வானிலை எப்படி?’ என்று சும்மா விசாரித்துவிட்டால் அந்த வாட்டம் மறைந்தது. தங்கள் சோர்வு மழையால் வந்தது என்று தெரிந்ததும் அதை வாழ்க்கையின் கணக்கில் எழுதுவதை மனிதர்கள் நிறுத்திவிட்டார்கள். அழகான முடிவு. முப்பது ஆண்டு கழித்து, 2013-இல் ரிச்சர்ட் லூக்கஸும் நிக்கோல் லாலெஸும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, மழைக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தென்படவில்லை. சில டஜன் பேரிடம் பார்த்ததை ஊருக்கே பொருத்தினால் இப்படித்தான் ஆகும். மனநிலையின் கை தராசில் இருக்கிறது. அதன் எடை பல வேளைகளில் குண்டுமணி அளவுதான். தட்டுகள் சமமாக நிற்கும்போது மட்டும் குண்டுமணியும் தட்டைச் சாய்க்கும்.

பயமும் கோபமும் ஒரே பக்கம் இல்லை

இதுவரை மனநிலையை நல்லது, கெட்டது என்ற ஒரே கோட்டில் வைத்துப் பேசினோம். அந்தக் கோடு போதாது என்று காட்டியவர் ஜெனிஃபர் லெர்னர்.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து சில வாரங்கள். லெர்னரும் உடனிருந்தவர்களும் அமெரிக்கா முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 1,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம் தாக்குதலில் தங்களைப் பயப்படுத்தியதை எழுதச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் தங்களைக் கோபப்படுத்தியதை எழுதச் சொன்னார்கள். பிறகு அனைவருக்கும் ஒரே கேள்விகள்: இனி வரும் ஓராண்டில் உங்களுக்கு, நாட்டுக்கு என்னென்ன ஆபத்து நேரலாம்? பயத்தைத் தொட்டு எழுதியவர்கள் ஆபத்தைக் கூட்டிச் சொன்னார்கள். கோபத்தைத் தொட்டு எழுதியவர்கள் குறைத்துச் சொன்னார்கள். நிகழ்ச்சி ஒன்று, இரண்டுமே கசப்பான உணர்ச்சி, கணிப்பு மட்டும் எதிரெதிர்.

ஏன்? பயத்தின் உள்ளே இருப்பது ‘என்ன நடக்குமோ, என் கையில் எதுவும் இல்லையே’ என்ற தவிப்பு. கோபத்தின் உள்ளே இருப்பது ‘யார் செய்தது என்று எனக்குத் தெரியும், என்னால் பதில் கொடுக்க முடியும்’ என்ற தெளிவு. அந்தத் தெளிவு உண்மையோ பொய்யோ, கோபப்பட்டவனுக்கு இருட்டு இருட்டாகவே தெரிவதில்லை. தெருச் சண்டையில் ஒல்லியானவன் பயில்வானை நோக்கிக் கையை ஓங்குவதும், மேடையில் உறுமுகிறவர் பின்னால் கூட்டம் போவதும் இதனால்தான். கோபம் நமக்குத் தெரியாமலே நம்மிடம் விற்றுவிட்டுப் போகும் சரக்கு, நிச்சயம்.

நிச்சயத்துக்குத் தனி அறை

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. ‘நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை’ வேறு. ‘அவர்மேல் நம்பிக்கை’ வேறு. ‘நான் எடுத்த முடிவு சரி என்ற நம்பிக்கை’ இன்னும் வேறு. இந்த அத்தியாயத்தில் மூன்றாவதை ‘நிச்சய உணர்வு’ என்று பிரித்து வைத்துக்கொள்வோம். மூளையும் அதைப் பிரித்தே வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் ஆடம் கெபெக்ஸ் குழு எலிகளுக்கு இரண்டு மணங்களின் கலவையை முகரக் கொடுத்தது. ‘அ’ மிகுந்திருந்தால் இடப்பக்கம், ‘ஆ’ மிகுந்திருந்தால் வலப்பக்கம். கலவை பாதிக்குப் பாதியை நெருங்க நெருங்கப் பிழை கூடும். தேர்ந்த பக்கத்தில் பரிசு உடனே வராது, காத்திருக்க வேண்டும். அலுத்துப்போனால் விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். சரியாகத் தேர்ந்திருந்தால் எலி நெடுநேரம் காத்திருந்தது. தடுமாறித் தேர்ந்திருந்தால் சீக்கிரம் கிளம்பியது. பேச்சில்லாத விலங்கு தன் நிச்சயத்தைப் பொறுமையால் சொன்னது. 2014-இல் வெளியான ஆய்வில், கண்குழிக்கு மேலே அமைந்த முன்மூளைப் பகுதியைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்தார்கள். எலிகள் முன்புபோலவே சரியாகத் தேர்ந்தன. காத்திருக்கும் நேரம் மட்டும் தேர்வின் தரத்தோடு பொருந்தாமல் போனது. விடை தெரிகிறது; விடை தெரியும் என்பது தெரியவில்லை.

மனிதர்களில் இந்தப் பிளவு மனநிலையோடு சேர்ந்தே தென்படுகிறது. 2018-இல் மரியோன் ருவோ, ஸ்டீஃபன் ஃபிளெமிங் குழு ஏறத்தாழ 500 பேர் வீதம் இரண்டு முறை இணையம் வழியாக ஒரு எளிய சோதனை நடத்தியது. இரண்டு பெட்டிகளில் எதில் புள்ளிகள் அதிகம்? உங்கள் விடையில் உங்களுக்கு எத்தனை நிச்சயம்? கூடவே மனநலக் கேள்விகளும் கேட்கப்பட்டன. பதற்றமும் மனச்சோர்வும் மிகுந்தவர்கள் மற்றவர்கள் அளவுக்கே சரியாக விடை சொன்னார்கள். ஆனால் நிச்சயத்தைக் குறைத்துச் சொன்னார்கள். விடாது துரத்தும் எண்ணங்களும் கட்டாயச் செயல்களும் மிகுந்தவர்களோ தேவைக்கு மேல் நிச்சயம் காட்டினார்கள்.

சோர்ந்திருக்கும் ஒருவரிடம் ‘உனக்குத் திறமை இருக்கிறது’ என்று சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் கண் சரியாகவே பார்க்கிறது. பார்த்ததற்கு முத்திரை குத்தும் கைதான் நடுங்குகிறது. முத்திரை விழாத விடையை வகுப்பில் யாரும் கை தூக்கிச் சொல்வதில்லை.

சூடு கண்ட பூனை

அவநம்பிக்கையும் அதீத நம்பிக்கையும் தராசின் இரண்டு தட்டுகள், இரண்டும் ஒரே அளவு தவறு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. இரண்டும் தங்களைத் திருத்திக்கொள்ளும் விதம் வேறு.

அதீத நம்பிக்கையோடு இறங்கியவனுக்கு உலகம் பதில் சொல்லும். இடைப்பட்ட மணத்துக்குக் குழலை நீட்டிய தேனீ கசப்பைச் சுவைத்தால் அடுத்த முறை தயங்கும். நீட்டாத தேனீக்கு அங்கே சர்க்கரை இருந்ததா என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். ஆறிப்போன அடுப்பங்கரையின் கதகதப்பும் அதற்கு இனிக் கிடையாது. 2001-இல் யெர்கர் டென்ரெல், ஜேம்ஸ் மார்ச் இருவரும் நிறுவனங்கள் கற்கும் விதத்தைப் பற்றி எழுதும்போது இதற்குச் ‘சூடான அடுப்பு விளைவு’ என்றே பெயர் வைத்தார்கள். கெட்ட அனுபவம் விலக வைக்கும். விலகினால் புதிய சான்று வராது. சான்று வராததால் பழைய முடிவே நிலைக்கும். ஒரு நேர்காணலில் தோற்றதும் விண்ணப்பிப்பதையே நிறுத்திவிட்டவரின் கணிப்பை எந்தத் தரவும் இனிப் பொய்யாக்க முடியாது. அவர் கணிப்பு சரியென்பதற்கும் ஆதாரம் இல்லை, தவறென்பதற்கும் இல்லை.

அப்படியானால் அதீத நம்பிக்கை பரவாயில்லையா? அது செலவு பிடித்த ஆசிரியர். பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 1991 முதல் 1997 வரை 35,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்களின் பங்கு வர்த்தகக் கணக்குகளைப் பார்த்தார்கள். ஆண்கள் பெண்களைவிட 45% அதிகமாக வாங்கி விற்றார்கள். அப்படி வாங்கி விற்றதாலேயே ஆண்களின் ஆண்டு முதலீட்டு ஆதாயம் 2.65 சதவீதப் புள்ளி குறைந்தது; பெண்களுக்கு 1.72. சந்தையில் உலகம் பதில் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த குரலில் சொல்கிறது. வென்றால் என் அறிவு, தோற்றால் சந்தையின் கோளாறு என்று கேட்பவன் பிரித்துக்கொள்கிறான்.

வால் ஸ்ட்ரீட்டில் வர்த்தகராக இருந்து நரம்பியலுக்கு வந்த ஜான் கோட்ஸ், 2008-இல் ஜோ ஹெர்பர்ட்டுடன் சேர்ந்து லண்டனில் 17 வர்த்தகர்களின் எச்சிலை நாள்தோறும் சோதித்தார். காலையில் டெஸ்டோஸ்டிரோன் கூடியிருந்த நாள்களில் லாபம் கூடியிருந்தது. வரவு செலவு தாறுமாறாக ஆடும்போது மன அழுத்தச் சுரப்பான கார்டிசால் ஏறியது. 17 பேர் என்பது சிறிய கூட்டம். ஆனால் 2014-இல் அவர் பங்கேற்ற இன்னொரு ஆய்வில், தன்னார்வலர்களுக்கு 8 நாள் மருந்து கொடுத்துக் கார்டிசாலை அதே மாதிரி உயர்த்தியபோது, அவர்கள் பந்தயங்களிலிருந்து தெளிவாகப் பின்வாங்கினார்கள். சந்தை குலுங்கும் வாரத்தில் யாராவது துணிந்து வாங்கினால்தான் குலுக்கல் அடங்கும். அந்த வாரத்தில்தான் எல்லோருடைய இரத்தமும் ‘வேண்டாம்’ என்கிறது. சந்தை முழுவதும் உலுக்கப்பட்ட தேனீக்கள்.

மழை சொல்பவர்கள்

மனநிலையைக் கழித்துவிட்டு முடிவெடுக்கலாமா? அயோவாவில் அன்டோனியோ டமாசியோ, அந்துவான் பெஷாரா குழு பார்த்த நோயாளிகள் ஏறத்தாழ அந்த நிலையில் இருந்தவர்கள். முன்மூளையின் அடிப்பகுதி சேதமடைந்து, புத்திக்கூர்மை குறையாமல் உணர்ச்சி மட்டும் மங்கியவர்கள். நான்கு சீட்டுக்கட்டுகள் வைத்து ஆடிய ஆட்டத்தில், நட்டம் தரும் கட்டை நோக்கிக் கை போகும்போதே மற்றவர்களுக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏனென்று சொல்லத் தெரியாத கட்டத்திலேயே வியர்த்தது. இவர்களுக்கு வியர்க்கவில்லை. நட்டம் தரும் கட்டையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆட்டத்தின் பொருளைப் பற்றி வாதங்கள் இன்றும் உண்டு. உணர்ச்சி போனால் அறிவு ஒளிரும் என்று மட்டும் எந்தத் தரப்பும் சொல்வதில்லை.

கழிக்க முடியாது. ஆனால் அளவுகோலைச் சரிபார்க்கலாம் என்பதற்கு ஒரு தொழிலே சாட்சி இருக்கிறது, அதுவும் ஊரே கேலி செய்யும் தொழில். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை 1965 முதல் ‘மழை வரும், வராது’ என்பதோடு நிற்காமல் ‘மழைக்கு 30% வாய்ப்பு’ என்று எண்ணாகச் சொல்லத் தொடங்கியது. ஆலன் மர்ஃபி, ராபர்ட் விங்க்லர் ஆகியோர் 1970-களில் அந்த எண்களைச் சோதித்தார்கள். 30% என்று சொன்ன நாள்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டினால் அவற்றில் ஏறத்தாழ பத்தில் மூன்று நாள் மழை பெய்திருந்தது. மற்ற எண்களும் பெரும்பாலும் அப்படியே. அவர்களின் நிச்சய உணர்வும் உலகமும் ஒரே தாளத்தில் நடந்தன.

அவர்களுக்கு மட்டும் மனநிலை இல்லையா? வீட்டில் சண்டை போட்டுவிட்டு அலுவலகம் வந்த நாள்கள் அவர்களுக்கும் இருந்திருக்கும். வேலையின் அமைப்புதான் அவர்களைக் காப்பாற்றியது. சொல்வதை எண்ணாகச் சொல்ல வேண்டும். விளைவு தெரிவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பதில் மறுநாளே வரும். அந்தப் பதிலோடு வாதாட முடியாது. தெரு நனைந்திருக்கும், அல்லது காய்ந்திருக்கும். ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று பிறகு சொல்லித் தப்பிக்க இடமில்லை.

நம் முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மறுநாள் காலைத் தெரு கிடையாது. வீடு வாங்கியது சரியா என்பது பத்து ஆண்டு கழித்தும் தெரியாது. ஆனாலும் ஒரு தாளில் தேதி போட்டு, ‘இது நடக்கும் என்பதில் எனக்கு 70% நிச்சயம், இன்றைக்கு என் மனநிலை இன்னது’ என்று எழுதி வைக்க யாரும் தடுக்கவில்லை. நாற்பது தாள் சேர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் நம்முடைய 70% ஊருக்கு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். மனநிலை மோசமாக இருந்த நாள்களில் எழுதிய 40%, பிற்பாடு எத்தனை முறை பலித்தது என்பதும் தெரியும். அது நம்மைப் பற்றிய கணக்கு. வேறு யாரும் நமக்காகப் போட்டுத் தர முடியாது.

கடைசியாக, நியூகாசில் தேனீயிடம் திரும்புவோம். குழலை நீட்டாமல் அடங்கியிருந்த அந்தத் தேனீ முட்டாளல்ல. உண்மையிலேயே ஒரு விலங்கு கூட்டை உடைத்துக்கொண்டிருந்தால், சந்தேகமான எதையும் நக்கிப் பார்க்காமல் இருப்பதுதான் புத்தி. அதன் கணக்கு சரி. கணக்கில் புகுந்த தகவல்தான் பொய்: உலுக்கியது விலங்கல்ல, மேசைமேல் இருந்த ஒரு கருவி. ‘என்னை உலுக்கியது எது?’ என்று திரும்பிப் பார்க்கத் தேனீக்கு வழியில்லை. அதன் உடல் குழாயில் கட்டுண்டிருந்தது. இருட்டில் கிளைக்குக் கை முளைக்கும்போது நாம் வழக்கமாக அந்தக் கையையே உற்றுப் பார்க்கிறோம். அதற்குமுன் நம்மை அரள வைத்தது எது, அது இந்தத் தோப்பைச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்க நமக்குக் கழுத்து இருக்கிறது.